மேலதிகாரி மாறினால் கந்தோர் ஏன் கசக்கிறது?

திருகோணமலையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு மேலதிகாரி மாறுவது பெரிய புதினம் இல்லை. ஊரின் அமைப்பே அப்படித்தான். 1988இலிருந்து மாகாண நிர்வாகத்தின் தலைமையிடம் இங்கே இருக்கிறது. முதலில் இணைந்த வடக்கு கிழக்குக்கு, 2007 ஜனவரியிலிருந்து கிழக்குக்கு மட்டும். அதனால் செயலாளர், பணிப்பாளர், ஆணையாளர் என்று யாராவது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். 2017 செப்டெம்பரில் மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு வருடக்கணக்கில் தேர்தல் இல்லை, எல்லாம் ஆளுநரின் கீழே. 2019ஆம் ஆண்டில் மட்டும் கிழக்குக்கு மூன்று ஆளுநர்கள் நியமிக்கப்பட்டார்கள். மேலே ஒரு கதிரை மாறினால் அதற்குக் கீழே எத்தனை கதிரைகள் ஆடும் என்பதைக் கச்சேரிப் பக்கம் பிளேன்டீ விற்கிறவர்கூடச் சொல்வார்.

தனியார் பக்கமும் பெரிதாக வித்தியாசம் இல்லை. சீனக்குடாவைச் சுற்றி ஆலைகளும் எண்ணெய்க் குதங்களும் இருந்தாலும் பெரிய முடிவுகள் கொழும்பில்தான் எடுக்கப்படுகின்றன. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு முகாமையாளர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருகிறார்கள். வங்கிக் கிளைகளிலும் அப்படித்தான், சில வருடத்துக்கு ஒருவர். ஆனால் கீழே இருப்பவர்கள் மாறுவதில்லை. எழுதுவினைஞர், சாரதி, சமையல்காரர், காவலாளி எல்லாரும் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சாம்பல்தீவு ஆட்கள். ஒரே கட்டடத்தில் 20, 25 வருடம் இருந்தவர்கள். பெரியவர் மூன்று வருடத்துக்கு வருகிறார், மற்றவர்கள் ஆயுளுக்கும் இருக்கிறார்கள். இந்த ஊரில் வேலைத்தலங்கள் கெடும் விதத்தை விளங்கிக்கொள்ள இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கந்தோர் ஆறு மாதத்தில் முகம் சுளிக்கும் இடமாகிவிடுகிறது. ஏன் என்று கேட்டால் கிடைக்கும் பதில் "வந்த ஆள் சரியில்லை" என்பதுதான். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நேர்மையான, வேலை தெரிந்த, யாருக்கும் கெடுதல் நினைக்காத ஆட்கள் வந்தும் இதே கசப்பு வந்திருக்கிறது. ஆகவே ஆளின் குணத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கலாம்.

ஒரு சுரங்கத்தில் நடந்தது

இதைப் பற்றிய மிகப் பழைய, இன்றுவரை மிஞ்ச முடியாத ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. ஆல்வின் கோல்ட்னர் என்ற சமூகவியலாளரும் அவருடைய மாணவர்களும் 1948 தொடக்கம் ஒரு ஜிப்சம் சுரங்கத்தையும் அதோடு ஒட்டியிருந்த ஜிப்சம் பலகைத் தொழிற்சாலையையும் ஆராய்ந்தார்கள். அங்கே நீண்டகாலம் இருந்த முகாமையாளர் இறந்துபோக, வேறு ஆலையிலிருந்து ஒரு புதியவர் வந்தார். உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்போடுதான் தலைமையகம் அவரை அனுப்பியிருந்தது.

பழைய முகாமையாளரின் காலத்தில் அங்கே ஒரு கண்டும் காணாமல் விடும் வழக்கம் இருந்தது. கொஞ்சம் பிந்தி வரலாம். வீட்டுத் திருத்த வேலைக்கு ஆலையின் கருவியை எடுத்துப் போகலாம். தவறு செய்தால் உடனே சீட்டுக் கிழியாது, இன்னொரு சந்தர்ப்பம் உண்டு. காயப்பட்டவருக்கு இலகுவான வேலை கொடுக்கப்படும். இவை எதுவும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. பதிலுக்கு ஆட்கள் ஆலையைத் தங்களுடையது போல நினைத்தார்கள்.

புதியவர் இவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினார். அவர் செய்தது எல்லாமே விதிப்படி சரி. பழைய முகாமையாளரின் கையாட்கள் தன்னோடு ஒட்டவில்லை என்று கண்டதும் முக்கியமான இடங்களில் தன் ஆட்களை வைத்தார். ஆட்களோடு பழக்கம் இல்லாததால் யாரிடம் என்ன சொன்னால் நடக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் எழுத்தையும் விதியையும் பிடித்துக்கொண்டார். விதி கூடக்கூட ஆட்கள் சொன்னதை மட்டும் செய்தார்கள். ஆட்கள் சொன்னதை மட்டும் செய்ததைக் கண்டு அவர் இன்னும் விதி போட்டார். இதற்கிடையில் இறந்துபோன பழைய முகாமையாளர் நாளுக்கு நாள் நல்லவராகிக்கொண்டே போனார். உயிரோடு இருந்த காலத்தில் கிடைக்காத பெயரெல்லாம் அவருக்கு இப்போது கிடைத்தது.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆட்களின் உண்மையான மனக்குறை, பழைய சலுகைகள் போய்விட்டன என்பது. ஆனால் "நாங்கள் பிந்தி வந்தால் கேட்கக்கூடாது" என்று எந்தச் சங்கமும் மேசையில் கோரிக்கை வைக்க முடியாது. நியாயமாகத் தெரியாது. ஆகவே அந்தக் கோபம் சம்பள உயர்வுக் கோரிக்கையாக உருமாறி வெளியே வந்தது. சம்பளம் கூடிய பிறகும் கோபம் தீரவில்லை. 1950இல் அங்கே திடீர்ப் பணிப்பகிஷ்கரிப்பு வெடித்தது.

நம்மூரில் தொழிற்சங்கக் கடிதங்களை வாசித்தவர்களுக்கு இது பழக்கப்பட்டதாக இருக்கும். கடிதத்தில் ஓவர்டைம், போக்குவரத்து, சீருடை என்று இருக்கும். உள்ளே எரிவது இன்னொன்றாக இருக்கும். எழுதிக் கேட்டதைக் கொடுத்துவிட்டு, "இன்னும் என்னதான் வேண்டும் இவர்களுக்கு?" என்று நிர்வாகம் தலையைப் பிய்த்துக்கொள்வது அதனால்தான்.

ஏட்டில் இல்லாத கொடுக்கல் வாங்கல்

அரச கந்தோர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறப்படும் நேரம் இருக்கிறது; கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர் பிந்தி வந்தவர். மூதூரிலிருந்து வரும் ஒருவர் பஸ்ஸைப் பொறுத்துத்தான் வர முடியும். மழைக்காலத்தில் எத்தனை மணிக்கு வந்து சேருவார் என்று அவருக்கே தெரியாது. பழைய அதிகாரி அவர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் கோடு கீறச் சொல்வார். அந்த ஆள் பின்னேரம் ஆறு மணிவரை இருந்து கோப்பை முடித்துவிட்டுப் போவார். அதற்கு ஓவர்டைம் கேட்கமாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவர்களின் கருமபீடத்தை மற்றவர்கள் பார்ப்பார்கள். ஆடி அமாவாசைக்கு மற்றவர்கள் பிந்தி வரும்போது அவர்கள் இவர்களுடையதைப் பார்ப்பார்கள். வெசாக் வாரத்தில் அனுராதபுரம் பக்கத்து ஆளுக்கு ஒரு நாள் கூடக் கிடைக்கும். மட்டக்களப்புக்குப் போகிறவர் வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பிடிக்க அரை மணித்தியாலம் முந்திக் கிளம்புவார், திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக நிற்பார்.

புதியவர் வந்து முதல் வாரத்திலேயே பதிவேட்டைப் பார்க்கிறார். கோடு சரியாகக் கீறப்படவில்லை. எட்டரைக்குக் கோடு விழ வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம் வருகிறது. அதில் பிழை சொல்ல எவராலும் முடியாது. மூதூர் ஆளும் வாயைத் திறக்கமாட்டார். அன்றிலிருந்து அவர் நான்கேகாலுக்குப் பையைத் தூக்குவார். கோப்பு நாளைக்கு.

இங்கே நடந்தது என்ன? அதிகாரியின் பார்வையில், இருந்த ஒரு சீர்கேட்டை நிறுத்தினார். அந்த எழுதுவினைஞரின் பார்வையில், அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதி வெட்டப்பட்டது. ஏனென்றால் காலையில் கிடைத்த அந்த இருபது நிமிடம், பின்னேரம் கொடுத்த ஒன்றேமுக்கால் மணித்தியாலத்துக்கான கூலி. அந்தக் கணக்கு இரண்டு பேரின் தலைக்குள்ளே மட்டும் இருந்தது. அந்த இருவரில் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்.

அரச ஊழியர்கள் கோபம் வந்தால் கையில் எடுக்கும் ஆயுதங்களில் ஒன்று 'சட்டப்படி வேலை'. விதியில் உள்ளதை மட்டும், விதியில் உள்ளபடி செய்வது. அதைச் செய்தால் இரண்டு நாளில் எல்லாம் ஸ்தம்பித்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். அதாவது சாதாரண நாட்களில் கந்தோர் ஓடுவது விதிக்கு வெளியே ஆட்கள் விரும்பிக் கொடுக்கும் வேலையால்தான். கசந்துபோன கந்தோரில் யாரும் போராட்டம் அறிவிப்பதில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாக, சத்தமில்லாமல், சட்டப்படி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

கடற்கரை விடுதிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். எந்த விடுதி என்று வேண்டாம். பல இடத்தில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன். கிழக்குக் கரையில் சீசன் ஏப்ரல், மே தொடக்கம் செப்டெம்பர்வரை. ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று, மழை, கடல் கொந்தளிப்பு. புறாத்தீவுக்குப் படகும் ஓடாது. பழைய முகாமையாளர் ஆட்களோடு ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தார், எழுத்தில் இல்லாதது. ஜூலை, ஓகஸ்டில் எவரும் லீவு கேட்கக்கூடாது. இரட்டை ஷிப்ட் என்றாலும் முகம் கோணாமல் நிற்க வேண்டும். மாரியில் அறைகள் வெறுமையாக இருக்கும்போது யாரையும் நிறுத்தமாட்டேன், அடிப்படைச் சம்பளம் வரும், முறை வைத்து வீட்டில் இருங்கள், அவசரத்துக்கு முற்பணமும் தருவேன். சம்பளத்தைவிடச் சேவைக் கட்டணத்தில் கிடைக்கும் பங்குதான் பெரிது என்பதால் சீசனில் எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். மாரியில் அந்தப் பங்கு ஒன்றுமில்லாமல் போகும்போது இந்த வாக்குறுதிதான் பிடி.

பிறகு தெற்குக் கரையில் வேலை செய்த ஒருவர் முகாமையாளராக வருகிறார். அங்கே சீசன் மறுபக்கம்: நவம்பர், டிசம்பர் தொடங்கிப் பங்குனி சித்திரைவரை. அவர் இங்கே வந்து சேர்வது நவம்பரில். வந்து பார்த்தால் மழையில் நனைந்த வெறும் விடுதி, பாதி ஆட்கள் வீட்டில், சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. அவருடைய அனுபவத்தில் நவம்பர் என்றால் ஆட்கள் ஓடித் திரிய வேண்டிய மாதம். கொழும்புக்கு ஓர் அறிக்கை போகிறது, பத்துப் பேர் நிறுத்தப்படுகிறார்கள், முற்பணம் ரத்து. அந்த வருடக் கணக்கில் செலவு குறைகிறது. பாராட்டும் வருகிறது.

விலை ஜூலையில் தெரியும். ஷிப்ட் முடியும் நேரத்துக்குச் சமையல்காரர் ஏப்ரனைக் கழற்றுவார். மச்சான் வீட்டுக் கலியாணம், பிள்ளைக்குக் காய்ச்சல், தாய்க்குக் கிளினிக் எல்லாம் ஓகஸ்டில் வரும். நல்ல பரிமாறுநர் இரண்டு பேர் பக்கத்து விடுதிக்குப் போயிருப்பார்கள். "இந்த ஊர் ஆட்கள் சோம்பேறிகள்" என்று முகாமையாளர் முடிவுக்கு வருவார். தான் எட்டு மாதத்துக்கு முன்னால் என்ன உடைத்தோம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்களைத்தான் அவர் முதலில் நிறுத்தியிருந்தார்.

செய்தி மேலே போகாது

ஒரு கந்தோர் கெடத் தொடங்கிய பிறகு அதைத் திருத்த முடியாமல் செய்வது எது என்று கேட்டால், கெட்ட செய்தி மேலே போவது நின்றுபோவதைத்தான் சொல்வேன்.

1990களில் ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க வைத்தியசாலைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒற்றுமையாக வேலை செய்யும் நோயாளர் விடுதிகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள விடுதிகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தாதியர் பயமின்றிச் சொன்னார்கள், எழுதினார்கள். கண்டிப்பான தலைமையின் கீழே தவறுகள் மறைக்கப்பட்டன.

புதிய அதிகாரிகள் பலர் இந்தப் பொறியில் விழுகிறார்கள். வந்து ஆறு மாதத்தில் முறைப்பாடுகள் குறைந்துவிட்டன, கூட்டங்கள் சீக்கிரம் முடிகின்றன, எவரும் எதிர்த்துப் பேசுவதில்லை. தான் ஒழுங்கைக் கொண்டுவந்துவிட்டதாக அவர் நம்புவார். உண்மையில் முதல் மாதக் கூட்டத்தில் ஒருவர் "சேர், இதை இப்படிச் செய்தால் நவம்பரில் வெள்ளம் வரும்போது களஞ்சியத்துக்குப் பாதை இருக்காது" என்று சொல்லியிருப்பார். எல்லார் முன்னாலும் அவருக்கு ஒரு வெட்டு விழுந்திருக்கும். அந்த ஒரு வெட்டை அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கூட்டத்தில் பேச்சு இல்லை; கூட்டம் முடிந்து படிக்கட்டில்தான் பேச்சு. இப்போது வட்ஸ்அப்பிலும். அதிகாரி இருக்கும் குழுவில் "நன்றி சேர்", கைகூப்பும் படம். அவர் இல்லாத குழுவில் மற்றதெல்லாம்.

கேர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1939இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையும் இங்கே பொருந்தும். பத்து வயதுப் பையன்களின் குழுக்களுக்கு வெவ்வேறு விதமான தலைவர்களை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதட்டி வேலை வாங்கும் தலைவர் இருக்கும்வரை வேலை நன்றாக நடந்தது. அவர் அறையை விட்டுப் போனதும் வேலை நின்றது. கலந்து பேசி நடத்திய தலைவர் வெளியே போனாலும் பையன்கள் செய்துகொண்டே இருந்தார்கள். பெரியவர் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஒரு கந்தோருக்குள் நுழைந்து பார்த்தால் அது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

திருகோணமலையில் இதற்கு மேல் மொழியும் சேர்கிறது. சட்டப்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. ஆனால் வேறு மாகாணத்திலிருந்து வரும் அதிகாரிக்குத் தமிழ்க் கோப்பில் எழுதியிருப்பது விளங்காமல் இருக்கலாம். தமிழ் அதிகாரி ஒருவர் வந்து, சிங்களத்தில் மட்டும் பேசும் சாரதியையும் காவலாளியையும் வைத்து வேலை வாங்கும்போதும் இதே நிலைதான். அப்போது இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் நடுவில் வருகிறார். முதலில் உதவியாக வருவார். மூன்று மாதத்தில் பெரியவரின் காதும் வாயும் அவர்தான். யாருடைய கோப்பு முதலில் உள்ளே போகும், யார் சொன்னது எப்படிச் சொல்லப்படும், யாருக்கு லீவு என்பதெல்லாம் அவர் கையில். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பதினைந்து வருடம் கூட இருந்து பிளேன்டீ குடித்தவர்கள் அவர் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். இப்படித்தான் ஒரு மொழிச் சிக்கல் நாளடைவில் ஆள் சிக்கலாகி, சில இடங்களில் இனச் சிக்கலாகவும் பேசப்படுகிறது. எந்தச் சண்டையும் நடக்காமலே தமிழர் மேசை, முஸ்லிம்கள் மேசை, சிங்களவர் மேசை என்று சாப்பாட்டு இடம் பிரிந்துவிட்டதென்றால், அதற்கு முதலில் மேலே யார் வந்தார், செய்தி யார் வழியாகப் போனது என்று விசாரித்துப் பார்க்கலாம்.

பந்தம் பிடிக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. பழைய அதிகாரியின் காலத்திலும் இருந்திருப்பார்கள். வித்தியாசம் என்னவென்றால், ஆட்களைத் தெரிந்த அதிகாரிக்கு அவர்கள் சொல்வதில் எவ்வளவு தள்ளுபடி செய்ய வேண்டும் என்று தெரியும். புதியவருக்கு வேறு வழி இல்லை. வந்து சொல்கிறவர் சொல்வதுதான் அவருக்குக் கிடைக்கும் செய்தி.

யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள்

கசந்த இடத்தை விட்டு ஆட்கள் போவார்கள் என்று நினைக்கலாம். எல்லாரும் போக முடியாது. போகக்கூடியவர்கள்தான் போகிறார்கள், அவர்கள் பெரும்பாலும் வேலை தெரிந்தவர்கள். விடுதி ஆட்களுக்கு டுபாய், கட்டார் இருக்கிறது. அரச ஊழியர்களுக்கு வருடாந்த இடமாற்றம் இருக்கிறது. 2022 நெருக்கடியின்போது ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறை எடுத்து வெளிநாட்டில் வேலை செய்யவும் அரசாங்கம் அனுமதித்தது. அந்தக் கதவு திறந்தபோது பலருக்கு முதல் காரணம் பணம். ஆனால் மேலதிகாரியோடு ஒத்துப்போகாதவருக்குத் தீர்மானம் எடுக்க ஒரு நாள்கூட ஆகியிருக்காது.

தனியார் துறையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். நான்கு வருடத்தில் விட்டுப் போனால் அது இல்லை. ஆகவே நாலரை வருடம் முடித்த ஒருவர் எவ்வளவு கசந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். உடம்பு வேலைக்கு வரும், மனம் ஏற்கெனவே போயிருக்கும். அவருக்குக் கீழே புதிதாகச் சேரும் பிள்ளைகள் வேலை பழகுவது அவரைப் பார்த்துத்தான். "இங்கே ஒன்றும் சொல்லாதே தம்பி, வந்தோமா போனோமா என்று இரு." இந்தப் பாடத்தை முதல் வாரத்திலேயே கேட்ட பையன், அடுத்த முகாமையாளர் தங்கமான மனிதராக வந்தாலும் வாய் திறக்கமாட்டான். அதிகாரி போன பிறகும் அவர் காலத்துக் கசப்பு நிற்பது இந்த வழியில்தான்.

நிறுவனத்துக்கு விசுவாசம் கூடியவர்கள்தான் கூடக் காயப்படுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வேலையைச் சம்பளத்துக்கு மட்டும் செய்தவருக்கு எந்த அதிகாரி வந்தாலும் ஒன்றுதான். கந்தோரை வீடு மாதிரி நினைத்தவர்தான் கதவு பூட்டு மாற்றப்பட்டதை உணர்கிறார்.

வந்தவரின் பக்கம்

இவ்வளவு சொன்ன பிறகு பழைய அதிகாரியை மாலை போட்டு வைக்க எனக்கு விருப்பமில்லை. கண்டும் காணாமல் விடுவது எப்போதும் எல்லாருக்கும் சமமாக விடப்படுவதில்லை. மூதூர் ஆளுக்குக் கோடு பிந்திக் கீறப்பட்டது; அதே கந்தோரில் புதிதாக வந்த ஒரு பெண் ஊழியருக்கு ஐந்து நிமிடத்துக்கு விளக்கம் கேட்கப்பட்டிருக்கலாம். சலுகையும் முற்பணமும் நெருங்கியவர்களுக்கு மட்டும் போயிருக்கலாம். அந்த நெருங்கியவர்கள்தான் இப்போது சத்தமாகப் "பொற்காலம்" பாடுகிறார்கள். வெளியே நின்றவர்களுக்குப் புதியவரின் விதி ஒரு நிம்மதி. பொதுமக்களையும் மறக்கக்கூடாது. எட்டரைக்கு வரிசையில் நிற்கும் வயோதிபருக்கு எழுதுவினைஞரின் பஸ் கதை தேவையில்லை.

வந்தவர் தனியாளும்கூட. குடும்பம் கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும், அவர் விடுதி அறையில் இருப்பார், பேச ஆள் இல்லை. மேலிடம் தொலைபேசியில் எண்களைக் கேட்கிறது. முதல் மூன்று மாதத்தில் ஏதாவது காட்ட வேண்டும். ஆட்களின் நம்பிக்கையை மூன்று மாதத்தில் காட்ட முடியாது. சிவப்புக் கோட்டைக் காட்டலாம். வந்தவர் பெண் என்றால் இன்னும் கஷ்டம். ஆண் கோபப்பட்டால் கண்டிப்பான மனுஷன் என்பார்கள், பெண் அதே வார்த்தையைச் சொன்னால் அந்த மிஸ்ஸுக்குத் தலைக்கனம் என்பார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

என் கணிப்பில், விதியை இறுக்குவதால் மட்டும் எந்தக் கந்தோரும் கெடுவதில்லை. கோல்ட்னரின் சுரங்கத்திலேயே பாதுகாப்பு விதிகளை ஆட்கள் மனமுவந்து ஏற்றார்கள். அவை தங்களுக்காக என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவற்றைப் போடும்போது அவர்களையும் கேட்டார்கள். காப்புறுதிக்காரர் வரும் நாளில் மட்டும் கடைப்பிடிக்கப்பட்ட புகைத்தல் தடையை இரு பக்கமும் சிரித்துக்கொண்டே மறந்தது. சண்டை வந்தது, தண்டிப்பதற்கென்றே ஒரு பக்கம் மட்டும் போட்ட விதிகளால். விதி ஒருவருக்கு இறுகி இன்னொருவருக்குத் தளரும்போதுதான் கசப்பு முற்றுகிறது. புதியவர் கோட்டை எட்டரைக்குக் கீறட்டும். தன் ஆளாக வந்தவருக்கும் அதே எட்டரைக்குக் கீறினால் முணுமுணுப்போடு நின்றுவிடும். அவருக்கு மட்டும் எட்டே முக்காலுக்குக் கீறினால் அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பத்து வருடத்துக்குப் பேசுவார்கள்.

அரச கந்தோரில் பொறுப்புக் கையளிப்பு என்று ஒன்று நடக்கும். வாகனம், திறப்பு, தளபாடம், வங்கிக் கணக்கு, நிலுவையில் உள்ள கோப்புகள் எல்லாம் பட்டியலாக எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்கப்படும். ஒரு கதிரை குறைந்தாலும் கேள்வி வரும். யாரோடு என்ன வாக்குறுதி இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் வராது. வரவும் முடியாது. "இன்னாரை இருபது நிமிடம் பிந்தி வர விட்டேன்" என்று எழுதினால் அது கையளிப்புப் பத்திரம் இல்லை, கணக்காய்வு ஐயவினாவுக்கு அவரே எழுதிக் கொடுத்த சாட்சி. ஆகவே போகிறவர் வாயால்தான் சொல்ல வேண்டும். போகிறவரும் வருகிறவரும் பெரும்பாலும் ஒரு மணித்தியாலம்கூடச் சேர்ந்து இருப்பதில்லை; சில இடங்களில் பல மாதம் பதில் கடமை பார்ப்பவரே கந்தோரை ஓட்டிக்கொண்டிருப்பார். எஞ்சுவது பிரதம எழுதுவினைஞரும் மூத்த சாரதியும். முதல் மாதத்தில் எந்தச் சுற்றுநிருபமும் போடாமல் அவர்கள் இருவரிடமும் தனித்தனியாக, கதவைச் சாத்திவிட்டு, "இங்கே எழுத்தில் இல்லாதது என்னென்ன?" என்று கேட்கிற அதிகாரிக்கு அதில் பாதியாவது கிடைக்கும். பிறகு எதை வைத்திருப்பது, எதை வெட்டுவது என்பது அவர் விருப்பம். வெட்டினாலும் எதற்காக என்று அந்த ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வெட்டலாம். அதற்குச் சுற்றுநிருபம் தேவையில்லை, செலவும் இல்லை.